டாம் ராபின்சனின் இடது கை

வழக்காடும் நாவல்கள் – 11

சாட்சி சொல்ல வருகிறவர் இடது கையை பைபிளின் மேல் வைத்து, வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்ய வேண்டும். அந்த ஊர் வழக்கம் அது. மேகோம்ப் நீதிமன்றத்தில் டாம் ராபின்சன் கூண்டேறியபோது அந்தச் சின்னக் காரியம்கூட ஒழுங்காக நடக்கவில்லை. செயலற்றுத் தொங்கும் இடது கையை எப்படியோ புத்தகத்தின் மேல் கொண்டுவந்து வைக்கிறார். வலது கையை உயர்த்தியதும் இடது கை வழுக்கி விழுந்து மேஜையில் மோதுகிறது. மறுபடியும் முயல்கிறார். போதும் போதும் என்று நீதிபதியே உறுமி நிறுத்துகிறார்.

வழக்கின் முடிவு அந்த மேஜைச் சத்தத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரியவும் செய்தது, எல்லோருக்கும். அதற்குப் பிறகும் பன்னிரண்டு பேர் கூடி, அவர் குற்றவாளிதான் என்றார்கள்.

சென்ற வாரம் டிக்கன்ஸின் லண்டனில், சொத்து முழுவதும் வழக்குச் செலவிலேயே கரைந்துபோன கதையைப் பார்த்தோம். இந்த வாரம் அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலம். நாவல், ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’. 1960 ஜூலையில் வெளிவந்து, அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு வாங்கியது. 1962இல் கிரிகரி பெக் நடித்துப் படமாக வந்தது, பெக்குக்கு ஆஸ்கர் கிடைத்தது. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்துவரும் புத்தகம். ஆகவே கதையைச் சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறேன்.

1930களின் நடுப்பகுதி, பஞ்ச காலம். மேகோம்ப் என்ற கற்பனைச் சிற்றூர். அட்டிகஸ் ஃபின்ச் என்ற வெள்ளைக்கார வக்கீல், மனைவியை இழந்தவர். மகன் ஜெம், மகள் ஸ்கௌட். கோடை விடுமுறைக்கு வந்துபோகும் அவர்களுடைய தோழன் டில். மயெல்லா யூவெல் என்ற வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாக டாம் ராபின்சன் என்ற கருப்பினத் தொழிலாளி மேல் வழக்கு. நீதிபதி அட்டிகஸை டாமின் வக்கீலாக நியமிக்கிறார். ஊர் காறித் துப்புகிறது. இவ்வளவையும் ஸ்கௌட் சொல்கிறாள். கதை தொடங்கும்போது அவளுக்கு ஆறு வயது ஆகவில்லை, வழக்கு நடக்கும் கோடையில் எட்டு.

குழந்தை கதை சொன்னால் வாசகனுக்குக் குழந்தையின் கண் கிடைக்கிறது. அதனால்தான் இந்த நாவலை ‘குழந்தைமை உடையும் கதை’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். தப்பில்லை. ஆனால் உடைவது யாருடைய குழந்தைமை என்று கேட்டுப் பார்க்கும்போதுதான் அந்த இடது கை என் கண்ணை உறுத்துகிறது.

வழக்கின் நுட்பம் இதுதான். மயெல்லாவுக்குக் காயம் முகத்தின் வலப்பக்கத்தில். எதிரே நின்று அடித்தவன் பெரும்பாலும் இடது கைக்காரனாகத்தான் இருக்க வேண்டும். மயெல்லாவின் அப்பன் பாப் யூவெலிடம் ஓர் உறையைக் கொடுத்து, அதன் மேல் பெயர் எழுதச் சொல்கிறார் அட்டிகஸ். அவன் இடது கையால் எழுதுகிறான். டாமின் இடது கையோ வலது கையைவிட ஓர் அடி குட்டை, சுருங்கிப்போன உள்ளங்கை, எதையும் பிடிக்காது. மருத்துவரை யாரும் அழைக்கவே இல்லை. மருத்துவச் சான்று ஒரு வரிகூட இல்லாத ஒரு பலாத்கார வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவரின் உடம்பே அவருக்குச் சாட்சி சொல்கிறது.

அந்தக் கை எப்படிச் செத்தது?

விடை நாவலில் இருக்கிறது, ஒரே ஒரு கிசுகிசுப்பாக. கருப்பின மக்கள் கீழே உட்காரக் கூடாது என்பதால் அவர்களுக்கு மேலே பால்கனி. கீழே இடமில்லாமல் வந்த ஃபின்ச் வீட்டுப் பிள்ளைகளை அங்கே தன் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறார் பாதிரியார் சைக்ஸ். டாம் எழுந்து நின்று கையைக் காட்டும்போது அவர் ஜெம்மின் காதருகே குனிந்து சொல்கிறார்: சிறு பையனாக இருந்தபோது டால்ஃபஸ் ரேமண்டின் பருத்தி ஜின்னில் கை மாட்டிக்கொண்டது, ரத்தம் கொட்டியே செத்திருப்பான், எலும்பிலிருந்து சதையெல்லாம் பிய்ந்துவிட்டது என்று. அவ்வளவுதான். விசாரணை தொடர்கிறது.

ஜின்னிங் மில் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வரிசையாக வட்ட ரம்பங்கள் சுழலும். பல்லில் மாட்டும் பஞ்சு இடுக்கு வழியாக உள்ளே போகும், கொட்டை வெளியே நின்றுவிடும். பஞ்சுக்கும் விரலுக்கும் வித்தியாசம் தெரியாத இயந்திரம் அது. சிறுவன் டாம் அங்கே வேலை செய்தாரா, அடைத்துக்கொண்ட பஞ்சை எடுத்துவிடக் கையை விட்டாரா, சும்மா வேடிக்கை பார்க்கப் போனாரா? நாவல் சொல்லவில்லை. ஸ்கௌட் கேட்கவில்லை. எத்தனையோ கேள்வி கேட்டு அப்பாவைத் துளைத்தெடுக்கும் பெண், இதைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்பதில்லை.

அதாவது டாம் ராபின்சன் குற்றமற்றவர் என்பதற்கு அந்த மன்றத்தில் இருந்த ஆகப் பெரிய ஆதாரம், அவருடைய பால்யத்தில் நேர்ந்த காயம். ஒரு பால்யம் இயந்திரத்தில் போனதால்தான், இருபது சொச்சம் வயதில் அவருக்கு நிரபராதி என்று காட்டிக்கொள்ள ஏதோ ஒன்று மிஞ்சியது. அதுவும் பலிக்கவில்லை.

இனி அடுத்த காட்சி. அரசுத் தரப்பு வக்கீல் கில்மர் டாமைக் குறுக்கு விசாரணை செய்கிறார். அந்த ஏளனக் குரல் தாங்காமல் டில் விம்மி அழ ஆரம்பிக்கிறான். ஸ்கௌட் அவனை வெளியே கூட்டிப் போகிறாள். மரத்தடியில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். கருப்பினப் பெண்ணோடு குடும்பம் நடத்துபவர், பணக்காரர், எப்போதும் காகிதப் பைக்குள் சாராய பாட்டிலோடு திரிபவர் என்று ஊர் பேசும் மனிதர். பையில் இருப்பதோ வெறும் கோகோ கோலா. அதை டில்லுக்குக் குடிக்கக் கொடுத்து வயிற்றைச் சமாதானப்படுத்துகிறார். இந்தப் பையனுக்கு இன்னும் உலகம் பழகவில்லை, இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் அழ மாட்டான் என்ற பொருளில் பேசுகிறார். நாவலில் எல்லோரும் அடிக்கோடிடும் இடம் இது. நானும் கல்லூரி நாளில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன்.

அந்த மனிதரின் பெயர் டால்ஃபஸ் ரேமண்ட்.

பாதிரியார் சொன்ன அதே டால்ஃபஸ் ரேமண்ட். யாருடைய ஜின்னில் ஒரு கருப்பினச் சிறுவனின் கை கிழிந்ததோ, அவர்தான் ஒரு வெள்ளைக்காரச் சிறுவனின் கண்ணீரைத் துடைக்கிறார். நாவலில் இரண்டுக்கும் இடையே சில பக்கங்கள்தான். மூன்றாவது முறை படிக்கும்போதுதான் எனக்கே இது உறைத்தது. முதல் இரண்டு முறையும் நான் ஸ்கௌட் பக்கத்தில் பால்கனியில் உட்கார்ந்து அவள் பார்த்ததை மட்டும் பார்த்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது.

ரேமண்ட் கெட்டவர் இல்லை. ஊரிலேயே டில்லின் அழுகையைப் புரிந்துகொண்ட ஒரே பெரியவர் அவர்தான். ஆனால் அவரிடம் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று அந்த மரத்தடியில் நின்றுகொண்டே இருக்கிறது. கேட்க அங்கே ஆள் இல்லை.

டில் எதற்காக அழுதான் என்பதையும் கவனிக்க வேண்டும். தீர்ப்புக்காக அல்ல, தீர்ப்பு அப்போது வரவே இல்லை. கில்மர் பேசிய விதத்துக்காக. கில்மர் டாமை வாய்க்கு வாய் ‘பாய்’ என்கிறார். கல்யாணமாகி மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனான ஒரு மனிதரை ‘பையா’ என்கிறார். இந்த விளியைத் தமிழ் வாசகருக்கு எப்படி விளக்குவது என்று நான் திண்டாடத் தேவையில்லை. தாத்தா வயதுள்ளவரைப் பண்ணையார் வீட்டுப் பொடியன் ‘டேய்’ போட்டுக் கூப்பிட்டதைப் பார்த்த கண்கள் நம்மிடம் இருக்கின்றன. தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே ‘ஹி’. நமக்கு ‘அவன்’, ‘அவர்’ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். இந்தக் கட்டுரையில் டாமை ‘அவர்’ என்று எழுதுகிறேன். இனி வரப்போகும் ராய் என்ற ஒருவனை ‘அவன்’ என்று எழுதுவேன், அவன் நிஜமாகவே சிறுவன் என்பதால். அந்தக் காலத்து அலபாமாவில் இரண்டும் தலைகீழ்.

இனி, நிஜத்தில் நடந்த ராயின் வழக்கு. 1931 மார்ச் 25. டென்னசியின் சட்டனூகாவிலிருந்து மெம்ஃபிஸ் நோக்கி ஒரு சரக்கு ரயில் போகிறது. வேலை தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள் டிக்கெட் இல்லாமல் அதில் தொற்றிக்கொண்டு போகிறார்கள், வெள்ளையரும் கருப்பினத்தவரும். வழியில் அடிதடி. கீழே தள்ளப்பட்ட வெள்ளை வாலிபர்கள் போய்ப் புகார் சொல்கிறார்கள். அலபாமாவில் பெயின்ட் ராக் என்ற சின்ன ரயில் நிலையத்தில் துப்பாக்கியோடு ஒரு கூட்டம் ரயிலை மறிக்கிறது. ஒன்பது கருப்பின இளைஞர்கள் பிடிபடுகிறார்கள். அதே ரயிலிலிருந்து இறங்கிய விக்டோரியா பிரைஸ், ரூபி பேட்ஸ் என்ற இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள், தங்களை இவர்கள் பலாத்காரம் செய்ததாகச் சொல்கிறார்கள். ஒன்பது பேரையும் கொண்டுபோய் அடைத்த ஊரின் பெயரால் இது ஸ்காட்ஸ்பரோ வழக்கு.

ஒன்பது பேரில் மூத்தவர்களுக்கே இருபது வயதுக்கு மேல் இல்லை. கடைக்குட்டிகள் இருவர், ராய் ரைட், யூஜின் வில்லியம்ஸ். இருவருக்கும் பதினான்கு வயது ஆகவில்லை. ராய் தன் அண்ணன் ஆண்டியோடு கிளம்பி வந்தவன். இரண்டு வாரத்துக்குள் விசாரணை தொடங்கி, நான்கே நாளில் முடிந்தது. அட்டிகஸ் ஃபின்ச் யாரும் அங்கே இல்லை. சட்டனூகாவிலிருந்து வந்த ஒரு ரியல் எஸ்டேட் வக்கீலும், வயதான உள்ளூர் வக்கீல் ஒருவரும்தான் ஆஜரானார்கள். எட்டுப் பேருக்கு மரண தண்டனை, யூஜினுக்கும் சேர்த்து. ராய் ரொம்பச் சின்னவன் என்பதால் அரசுத் தரப்பே அவனுக்கு ஆயுள் தண்டனைதான் கேட்டது. ஜூரிகளில் பலர் மின்சார நாற்காலியே வேண்டும் என்று அடம்பிடித்ததால் அவன் விசாரணை மட்டும் முடிவில்லாமல் கலைந்தது.

டாமைப் பையன் என்றார்கள். ராயைப் பையன் என்று பார்க்க மறுத்தார்கள். மரியாதை கொடுக்க வேண்டிய இடத்தில் வயதைக் குறைத்தார்கள், இரக்கம் காட்ட வேண்டிய இடத்தில் வயதைக் கூட்டினார்கள். இன ஒதுக்கலின் கணக்கு இவ்வளவு எளிது.

மேல்முறையீடுகள் நடந்தன. யூஜின் சிறுவன் என்பதால் அவன் தண்டனையை அலபாமா உச்ச நீதிமன்றம் 1932இல் ரத்து செய்தது. அதே ஆண்டு, ஒழுங்கான வக்கீல் உதவி கிடைக்காத மரண தண்டனை வழக்கு செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1935இல், கருப்பினத்தவரை ஜூரியிலிருந்து திட்டமிட்டு விலக்கியது தவறு என்றது. இடையில் ரூபி பேட்ஸ் நீதிமன்றத்துக்கே வந்து, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் ஜூரி ‘குற்றவாளி’ என்றது. அந்தத் தீர்ப்பை ரத்து செய்த நீதிபதி ஜேம்ஸ் ஹோர்ட்டன் அடுத்த தேர்தலில் பதவியிழந்தார். ராய், ஆண்டி இருவரின் அம்மா ஏடா ரைட் 1932இல் ஐரோப்பாவுக்குப் போய் நாடு நாடாக மேடையேறித் தன் பிள்ளைகளுக்காகப் பேசினார்.

ராய்க்கு மறு விசாரணையே நடக்கவில்லை. முதல் விசாரணையில் அவன் மற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருந்தான். காவலர்கள் அடித்து அப்படிச் சொல்லவைத்தார்கள் என்று பிற்பாடு ஒரு நிருபரிடம் சொன்னான். 1937 ஜூலையில் அவனையும் யூஜினையும் வேறு இருவரையும் விட்டுவிட்டார்கள். ஆறு ஆண்டுகள். மீசை முளைத்தது சிறையில்தான். பிறகு ராணுவத்தில் இருந்தார், வணிகக் கப்பலில் வேலை பார்த்தார். 1959இல் மனைவியைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தானும் செத்தார். ஹார்ப்பர் லீயின் நாவல் அதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்தது.

ஸ்காட்ஸ்பரோ அளவுக்குப் பரபரப்பான வழக்கைத் தான் மனதில் வைத்து எழுதவில்லை என்று லீ பின்னாளில் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். இருக்கலாம். அவர் பிறந்து வளர்ந்த மன்றோவில் ஊரிலேயே 1933இல் வால்டர் லெட் என்ற கருப்பினத்தவர் மேல் இதே குற்றச்சாட்டு. அவருக்கு மரண தண்டனை விதித்து, பிறகு ஆயுளாகக் குறைத்தார்கள். 1937இல் காவலிலேயே இறந்தார். குற்றச்சாட்டு எழுந்தபோது லீக்கு ஏழு வயது. அவர் அப்பா அமாசா கோல்மன் லீ வக்கீல், ஊர்ப் பத்திரிகையும் நடத்தியவர். அவரும் 1919இல் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு கருப்பினத்தவருக்காக வாதாடியிருக்கிறார். இருவரையும் தூக்கிலிட்டார்கள்.

இவ்வளவு தெரிந்த ஒருவர் எழுதிய நாவலில் கருப்பினக் குழந்தைகள் எங்கே? தேடிப் பார்த்தேன். இருக்கிறார்கள், ஓரத்தில்.

ஃபின்ச் வீட்டில் சமைத்து, பிள்ளைகளை வளர்க்கும் கால்பூர்னியா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெம்மையும் ஸ்கௌட்டையும் தன் தேவாலயத்துக்குக் கூட்டிப் போகிறாள். அங்கே பாட்டுப் புத்தகம் கிடையாது. கால்பூர்னியாவின் மகன் ஸீபோ வரி வரியாகப் படித்துக் கொடுக்க, சபை வாங்கிப் பாடுகிறது. அத்தனை பேரில் படிக்கத் தெரிந்தவர்கள் நான்கு பேர்தான். ஸீபோவுக்கு அம்மாவே பைபிளையும் ஒரு பழைய சட்டப் புத்தகத்தையும் வைத்து எழுத்தறிவித்தாளாம். ஸ்கௌட்டுக்கோ பள்ளிக்கூடம் வேண்டாவெறுப்பு, முதல் நாளே டீச்சரோடு சண்டை. ஒரே வீட்டு அடுப்படியில் வளர்ந்த இரண்டு படிப்புகள் இவை. ஸீபோ இப்போது ஊர்க் குப்பை வண்டிக்காரர்.

இன்னொரு இடம். டாம் சிறையிலிருந்து தப்ப முயன்றதாகச் சொல்லி, உடம்பில் பதினேழு குண்டு பாய்ச்சிக் கொன்றுவிடுகிறார்கள். அவர் மனைவி ஹெலனிடம் செய்தி சொல்ல அட்டிகஸும் கால்பூர்னியாவும் போகிறார்கள். முற்றத்தில் பிள்ளைகள் கோலி விளையாடுகிறார்கள். வாசலில் ஒரு பெண் குழந்தை, தலை நிறையப் பின்னல், ரிப்பன். சிரித்துக்கொண்டே வருகிறது, படியிறங்கத் தெரியவில்லை. அட்டிகஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு விரலை நீட்டுகிறார், குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. பிறகு ஹெலன் வருகிறாள், அவர்கள் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் மண்ணில் சரிகிறாள். அந்தக் குழந்தைக்குப் பெயர் இல்லை. அப்பன் செத்தது அதற்குத் தெரியாது. குழந்தைமை என்று ஒன்று அந்த நாவலில் முழுசாக இருக்குமானால் அது அந்தப் படிக்கட்டில்தான் இருக்கிறது. ஸ்கௌட் இதைக் கண்ணால் பார்க்கக்கூட இல்லை. டில் சொல்லக் கேட்டதைத்தான் நமக்குச் சொல்கிறாள்.

லீக்குத் தெரிந்தேதான் இப்படி வைத்தாரா, அல்லது அவர் கண்ணிலும் அதே மறைப்பு இருந்ததா? நான் முதல் பக்கம்தான் சாய்வேன், முழுசாக இல்லை. ஜின்னுக்குச் சொந்தக்காரர் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமே கதையில் இல்லை. ‘ஏதோ ஒரு ஜின்’ என்று விட்டிருக்கலாம். பெயர் போட்டிருக்கிறார். ஹிட்லர் யூதர்களைத் துன்புறுத்துவது எவ்வளவு கொடுமை என்று வகுப்பில் உருகும் டீச்சர், நீதிமன்ற வாசலில் கருப்பினத்தவருக்கு இப்படி ஒரு பாடம் வேண்டியதுதான் என்று பேசியதை ஸ்கௌட் நினைவுகூரும் இடமும் இருக்கிறது. கண் இல்லாதவர் இதையெல்லாம் எழுத முடியாது.

ஆனால் தலைப்பிலேயே இடறுகிறார். மாக்கிங்பேர்ட் பாடுவதைத் தவிர வேறொன்றும் செய்யாத பறவை, யாருக்கும் தொந்தரவு தராது, ஆகவே அதைக் கொல்வது பாவம். இந்த அளவுகோலில் டாம் நல்லவர், ஏனென்றால் சாது. கோபப்படும் டாம் ராபின்சன் ஒருவர் இருந்திருந்தால் அவருக்காக டில் அழுதிருப்பானா, நாம் அழுதிருப்போமா? உயிரோடு இருக்க ஒருவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? கருப்பினச் சிறுமியின் உள்ளேயிருந்து அந்தப் பால்யத்தைச் சொல்லும் நாவலுக்கு 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்று சொன்னால் மற்ற எழுத்தாளர்களுக்கு அநீதி. ரிச்சர்ட் ரைட் 1945லேயே தன் பால்யத்தை எழுதி, அந்த ‘பாய்’ என்ற சொல்லையே தலைப்பில் வைத்துவிட்டார். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் லீயைப் படித்தவர்கள், அந்த 1970 நாவலான டோனி மாரிசனின் ‘தி ப்ளூயஸ்ட் ஐ’யையும் எடுத்துப் படிக்க வேண்டும். நீலக் கண் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் பெக்கோலாவுக்குப் பதினொரு வயது.

ஸ்காட்ஸ்பரோ பையன்கள் ஏறிய ரயில் போய்ச் சேர வேண்டிய ஊர் மெம்ஃபிஸ் என்றேன். அந்த ஊரில் 1968 பிப்ரவரியில் மழைக்கு ஒதுங்கிய இரண்டு குப்பைத் தொழிலாளர்களைக் குப்பை லாரியின் இயந்திரம் நசுக்கிக் கொன்றது. ஸீபோவின் தொழில்தான், ஜின்னுக்குப் பதில் லாரி. ஆயிரத்து முந்நூறு பேர், பெரும்பாலும் கருப்பினத்தவர், வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுக்கு ஆதரவாகப் பேச வந்த இடத்தில்தான் மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். ஊர்வலம் போன தொழிலாளர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரே வாசகம் எழுதிய அட்டை. கூலி உயர்வு, சங்கம் என்று எத்தனையோ கோரிக்கைகள் இருக்க, அட்டையில் அவர்கள் எழுதியிருந்தது, நான் ஒரு மனிதன், வளர்ந்த ஆண் என்பதை மட்டும்தான்.

நாவலை முன்பே படித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். பதினெட்டாம் அத்தியாயத்தை எடுத்து, பாதிரியார் சைக்ஸ் குனிந்து பேசும் அந்த ஒரு வரியைத் தேடிப் பிடியுங்கள். அங்கிருந்து நேராக இருபதாம் அத்தியாயத்து மரத்தடிக்குப் போங்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள்.

அடுத்த வாரம் அல்ஜியர்ஸ் கடற்கரை. கொல்லப்பட்டவனுக்குக் கடைசிவரை பெயரே இல்லாத ஒரு கொலை வழக்கு.

(தொடரும்)